தூண் பக்கத்திலேயே நில்

கம்பெனி ஆபீசில் பயண வேலைகளைப் பார்க்கிற குமாஸ்தா நல்ல மனுஷன்தான். ஆனால் சொன்னதையே சொல்கிற வியாதி அவனுக்கு.

"அக்கா, நல்லா கேட்டுக்குங்க. நம்ம நாட்டுல முதல்ல இறங்குற ஏர்போர்ட்லயே உங்க ரெண்டு பெட்டியையும் பெல்ட்லேர்ந்து எடுத்துடணும். கஸ்டம்ஸைத் தாண்டினதும் டிரான்ஸ்ஃபர் கவுன்டர்னு ஒண்ணு இருக்கும். அங்க திரும்பப் போடணும். அப்பதான் உள்ளூர் பிளேன்ல ஏறும். நேரா ஊர்ல வந்துடும்னு நினைச்சு விட்டுட்டீங்கன்னா, பெட்டி அங்கேயே சுத்திக்கிட்டுக் கிடக்கும்."

இதையே வேறு வேறு விதமாகச் சொல்லி முடித்தவன், கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "அண்ணனைப் பத்திக் கவலைப்படாதீங்க. அவரை ஆளுங்களே இந்த பிளேன்லேர்ந்து அந்த பிளேனுக்கு மாத்திடுவாங்க. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல."

அண்ணன் என்று அவன் சொன்னது அவளுடைய கணவரை. போன வாரம் வேலைக்குக் கிளம்பும்போது, ஷூவுக்கு லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தபோது ஒரு காலில் முடிச்சுப் போட்டிருந்தார், இன்னொரு காலில் போடவில்லை. இப்போது தகரம் வைத்து அடைத்த மரப்பெட்டிக்குள், அவள் ஏறிய அதே விமானத்தின் அடியில் வந்துகொண்டிருந்தார். சீட்டில் உட்கார்ந்து காலைக் கீழே வைக்கவே அவளுக்குக் கூசியது.

பெட்டியை எடுக்கணும், திரும்பப் போடணும். வழி முழுக்க அவள் பரீட்சைக்குப் போகிற பிள்ளை போல இதை மனப்பாடம் செய்துகொண்டே வந்தாள். அதனால், குமாஸ்தா சொல்லவில்லை என்றோ அவளுக்குப் புரியவில்லை என்றோ பின்னால் பேசிய சொந்தக்காரர்கள் வாயில் வந்ததைப் பேசினார்கள், அவ்வளவுதான். எல்லாம் சொன்னான். எல்லாம் புரிந்தது. அப்படியும் நடக்க வேண்டியது நடந்தது.

அதைச் சொல்வதற்கு முன் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் ஒரு சிமென்ட் ஆலையில், கல் ஏற்றிப் போகிற பெல்ட்டைப் பழுது பார்க்கிற மெக்கானிக் அவர். குவார்ட்டர்ஸில் எல்லோரும் 'பெல்ட்டுக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டிலும் வெளியிலும் வேறு பேச்சே கிடையாது. பெல்ட் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். இதை அவள் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு, "என்னைப் பார்த்து எந்த உருளை தேஞ்சிருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று கேலி செய்வாள். "உனக்கு வாய் ஒண்ணுதான் தேயலை" என்பார்.

ஊருக்கு வருகிற ஒவ்வொரு தடவையும் இந்த ஏர்போர்ட்டில்தான் இறங்குவார்கள். இங்கே பெட்டி எடுக்கிற வேலை முழுக்க முழுக்க அவருடையது. பெட்டிகள் வந்து விழுகிற வாய்க்குப் பக்கத்தில் போய், தன் ஆலைக்கே வந்துவிட்டவர் போல நிற்பார். காதைச் சாய்த்துக் கேட்பார். பிறகு திரும்பி, இருபது அடி தள்ளி நிற்கிற அவளைப் பார்த்து, 'இதுவும் போச்சு' என்பதாக உதட்டைப் பிதுக்குவார். அவளுக்கு மானம் போகும்.

அவள் நிற்கிற இடம், தீயணைக்கிற சிவப்புக் குழாய் மாட்டிய தூண். முன்பு ஒரு தடவை, மகள் தளிர்நடை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், உதவி செய்கிறேன் பேர்வழி என்று அவளும் கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டாள். பெட்டியைப் பிடித்துத் திரும்பினால் பிள்ளையைக் காணோம். ஹாலையே புரட்டிப் போட்ட பிறகு, அடுத்த பெல்ட்டின் ஓரத்தில் கையை நீட்டி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையைக் கண்டுபிடித்தார்கள். பெல்ட்டில் கை போன ஆட்களைப் பார்த்தவர் அவர். முகம் வெளுத்துப் போயிற்று. ஆனாலும் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. தள்ளுவண்டியையும் அவளையும் பிள்ளையையும் அந்தத் தூண் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இதுதான் உன் இடம். தூண் பக்கத்திலேயே நில்லு, நகராதே. நான் எடுத்துட்டு வர்றேன்."

அன்றிலிருந்து அதுதான் சட்டம். பிள்ளை வளர்ந்து, ஊருக்குப் படிக்கப் போய், கல்யாணமாகி, இப்போது நிறைமாதமாய் இருக்கிறாள். சட்டம் மட்டும் மாறவே இல்லை. எத்தனை கூட்டமிருந்தாலும் அவர் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வேர்வையோடு வந்து நிற்பார். "வந்தாச்சு, வா."

விமானம் தரை தொட்டதும் மகளிடமிருந்து போன் வந்தது. அந்த நிலைமையில் வீட்டை விட்டு அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அம்மா, அப்பா?"

"கூடத்தான் இருக்கார். இன்னொரு பிளேன் மாறணும், அவ்வளவுதான்."

"அவரைத் தனியா விட்டுடாதேம்மா. சரக்கோட சரக்கா வர்றார்னு நினைச்சா நெஞ்சு அடைக்குது."

"நான் எதுக்கு இருக்கேன்? ஒரே பிளேன்லதான் வர்றோம். அப்பாவை நான் கூட்டிக்கிட்டு வர்றேன். நீ அழாம இரு, வயித்துல புள்ள இருக்கு."

அவளுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வேலைதான். அவரைத் தனியாக விடாமல் வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிப் போய்ச் சேர்ப்பது. அதற்குப் பிறகு என்ன என்று அவள் யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்று இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிற வரிசையைத் தாண்டி ஹாலுக்குள் வந்தாள். மத்தியான வெயில் கூரைக் கண்ணாடி வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. எள் போட்டால் விழாத கூட்டம். தள்ளுவண்டிகளில் சக்கரம் ஆடாததாகப் பார்த்து ஒன்றை உருவினாள். அவர் சொல்லிக் கொடுத்த பாடம் அது. பெல்ட் நம்பரைப் பலகையில் பார்த்தாள். சரியான பெல்ட்டுக்குத்தான் போனாள். போய், சிவப்புக் குழாய் மாட்டிய தூண் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நின்றாள். பெல்ட் ஓடத் தொடங்கியது. பெட்டிகள் வந்து விழுந்தன. ஆட்கள் முண்டியடித்து எடுத்தார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், போனார்கள். இறப்பு நடந்த வீட்டில் தூங்காமல் கிடந்த அத்தனை இரவும் சேர்ந்து அவள் கண்ணில் வந்து உட்கார்ந்தது. வண்டிக் கைப்பிடியில் நெற்றியை வைத்தாள். பக்கத்தில் நின்ற குடும்பம் போய்விட்டது. அதற்கடுத்த குடும்பமும் போய்விட்டது. என்ன இது, இவ்வளவு நேரமாகிறது, இவரை இன்னும் காணோமே என்று அவள் நினைத்தாள்.

ஆமாம், அப்படித்தான் நினைத்தாள். அவர் போய்விட்டது அவளுக்குத் தெரியாதா என்ன? அவர் முகத்தைத் துடைத்துவிட்டவளே அவள்தான். அவிழ்ந்து கிடந்த அந்த இன்னொரு ஷூவின் லேஸையும் கட்டிவிட்டவள் அவள்தான். அறிவுக்கு எல்லாம் தெரியும். கால்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. அவை இத்தனை வருஷம் நின்ற இடத்தில், சொன்ன சொல் தட்டாமல் நின்றன.

சத்தம் நின்றதும்தான் நிமிர்ந்தாள். பெல்ட் ஓய்ந்து கிடந்தது. அதன் மேல் ஒன்றுமில்லை. சுற்றி ஆளில்லை. துடைப்பத்தோடு ஒரு பெண் மட்டும் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"யாருக்காக நிக்கிறீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

அவள் வாயைத் திறந்தாள். 'எங்க வீட்டுக்காரர் பெட்டி எடுக்கப் போயிருக்கார்' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் இடி விழுந்தது.

"என் பெட்டி," என்றாள். "என் பெட்டியை யாரும் எடுக்கலை."

எடுக்காத பெட்டிகளைச் சுவர் ஓரமாய் வரிசையாக வைப்பார்களாம். துடைப்பத்துப் பெண் கையைக் காட்டினாள். இவள் அங்கே ஓடினாள். அவளுடைய சிவப்புப் பெட்டி அங்கே இருந்தது. அவருடைய பழுப்புப் பெட்டி இல்லை. உள்ளே இரும்பு தெரிகிறது என்று கஸ்டம்ஸ் மேஜைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஒருவன் சொன்னான். இரும்பு இல்லாமல் என்ன இருக்கும்? அவருடைய ஸ்பேனர்களை எல்லாம் அவள்தான் பழைய துண்டில் சுற்றி உள்ளே வைத்தாள்.

மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அவசரமே தெரியாத ஆள். பெட்டியை விரலால் தட்டினார்.

"திறங்க."

அமுக்கினாலே பூட்டிக்கொள்கிற பூட்டு அது. அடுக்கி முடித்ததும் பழக்கத்தில் அமுக்கிவிட்டாள். சாவி எங்கே என்பது அப்புறம்தான் உறைத்தது.

"சாவி இல்லைங்க."

"யார்கிட்ட இருக்கு?"

"அவர்கிட்ட. கழுத்துக் கயித்துல."

"அவரைக் கூப்பிடுங்க."

"வர முடியாதுங்க. அவரை இப்ப ஊருக்குப் போற பிளேன்ல ஏத்திக்கிட்டு இருப்பாங்க."

"இல்லம்மா, பெட்டி இங்க இருக்கும்போது அவர் மட்டும் எப்படி..." என்று தொடங்கியவர், அவள் நீட்டிய தாளைப் பார்த்தார். மரப்பெட்டி நம்பர் எழுதிய சரக்குச் சீட்டு அது. படித்தவரின் முகத்தில் இருந்த தோரணை எல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. எழுந்து நின்றார். சாக்கட்டியால் பெட்டி மேல் ஒரு கோடு இழுத்தார்.

"போங்கம்மா. சீக்கிரம் போங்க. இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

யாரிடம் சொல்வது? கேட்டால்தானே சொல்வதற்கு.

டிரான்ஸ்ஃபர் கவுன்டரில் இருந்தவன் சீட்டைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினான். அவர் பிதுக்குகிற மாதிரியே இருந்தது. "இந்த பிளேனுக்குப் பெட்டி வாங்கறதை மூடியாச்சு. உங்களையாவது ஏத்துறாங்களான்னு பாருங்க. பெட்டியை இங்கேயே போட்டுட்டு ஓடுங்க, நாளைக்கு அனுப்பறேன்."

ஒரு கணம் அவள் பழுப்புப் பெட்டியின் கைப்பிடியை விடாமல் நின்றாள். பிறகு விட்டாள். செருப்பு ஒன்று கழன்றது, அதையும் விட்டாள். மாடிப்படி, நீள நடை, மறுபடியும் சோதனை, மறுபடியும் வரிசை. "என்னை விடுங்க, என்னை விடுங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள். சிலர் விலகினார்கள். சிலர் முறைத்தார்கள். விமானம் ஏறுகிற வாசலை அடைந்தபோது கண்ணாடிக் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

விமானம் போகவில்லை. எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற தூரம். அதன் வயிற்றுப் பக்கம் கதவு திறந்திருக்க, கீழேயிருந்து மேலே சரிவாக ஒரு வண்டியின் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டிகள் அதில் ஏறிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால், சாக்குத் துணி சுற்றிய நீளமான மரப்பெட்டியை நாலு பேர் தூக்கிப் பெல்ட்டின் மேல் வைத்தார்கள்.

அவள் கண்ணாடியில் கையை வைத்தாள். வாழ்நாள் முழுக்கப் பெல்ட்டைப் பழுது பார்த்தவர் பெல்ட்டின் மேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தார். பாதி வழியில் பெட்டி ஒரு முறை துள்ளியது. உருளை ஒன்று தேய்ந்திருக்கிறது. அவளுக்கே தெரிந்தது.

"நானும் அந்த பிளேன்லதாங்க போகணும்," என்றாள் வாசலில் நின்ற பெண்ணிடம்.

"கதவைச் சாத்திட்டோம்மா. பல தடவை உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டோமே. நீங்க வரலைன்னதும் லிஸ்ட்லேர்ந்து எடுத்தாச்சு."

"அதுல போறவர் என் வீட்டுக்காரர்."

அந்தப் பெண் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். சின்ன வயசுப் பெண், என்ன செய்வதென்று தெரியாமல் சீட்டை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினாள்.

அவளுக்குத் திடீரென்று ஒன்று ஞாபகம் வந்தது. முன்பு ஒரு தடவை விமானம் கிளம்பாமல் நின்றபோது அவர்தான் சொன்னார். ஆள் வராவிட்டால் அந்த ஆளின் பெட்டியைத் தேடி இறக்கிவிடுவார்களாம். ஆளை விட்டுவிட்டுப் பெட்டி போகக் கூடாதாம்.

"ஆள் வரலைன்னா பெட்டியை இறக்குவீங்கல்ல? நான் ஏறலையே. அவரை இறக்கிடுங்க. நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து போறோம்."

"அது... பயணியோட பெட்டின்னாதாம்மா இறக்குவோம். இது சரக்குக் கணக்கு. சரக்கு தனியாப் போகலாம்."

"சரக்கு இல்லைங்க. என்னோட பெட்டிதான். என் பேர்ல எழுதிக்குங்க. என் லக்கேஜ்னு எழுதிக்குங்க. அவரைத் தனியா அனுப்ப மாட்டேன்னு புள்ளகிட்ட சொல்லியிருக்கேன்."

அந்தப் பெண் யாரோ ஒருவருக்குப் போன் செய்தாள். தாழ்ந்த குரலில் பேசினாள், கேட்டாள், மறுபடியும் பேசினாள். போனை வைத்துவிட்டுக் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். வெளியே வயிற்றுக் கதவை மூடிக்கொண்டிருந்தார்கள். பெல்ட் வண்டி மெல்லப் பின்வாங்கியது. விமானம் நகர்ந்தது.

ஸ்பேனரோ சட்டையோ அடைத்த ஒரு தோல்பெட்டியாய் இருந்திருந்தால் அவளுக்காகக் காத்திருக்க வைத்திருப்பார்கள். மனுஷனாய் இருந்ததால் கொண்டுபோய்விட்டார்கள். இந்த நியாயத்தை எந்தப் படுபாவி எழுதி வைத்தானோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

அவளை மறுபடியும் கீழே அனுப்பினார்கள். காலையில்தான் அடுத்த விமானம், அதற்குள் கவுன்டரில் விட்டுப்போன பெட்டிகளை அவளே எடுத்து, புதுச் சீட்டு ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். ஒற்றைச் செருப்போடு அதே ஹாலுக்கு வந்தாள். துடைப்பத்துப் பெண் கண்டெடுத்து வைத்திருந்த இன்னொரு செருப்பைக் கொண்டுவந்து காலடியில் போட்டாள். அப்போது அவளுடைய தம்பி போனில் கூப்பிட்டான். ஊர் ஏர்போர்ட்டில், சரக்கு இறக்குகிற வாசலில் வேனோடு நின்றுகொண்டிருந்தான்.

"அக்கா, ஏறிட்டியா?"

"அவர் ஏறிட்டார்டா. நான் ஏறலை."

நடந்ததைச் சொன்னாள். தூண் பக்கத்தில் நின்றதை மட்டும் சொல்லவில்லை. பெட்டி எடுக்க நேரமாகிவிட்டது என்றாள்.

"அக்கா... பொழுது சாயறதுக்குள்ள அடக்கம் பண்ணிடணும்னு சொல்றாங்க. ஏற்கெனவே இத்தனை நாள் ஆயிடுச்சு. பெட்டியைத் திறக்கவே கூடாதுன்னு ஆஸ்பத்திரிலயும் சொல்லியிருக்காங்க. நாளை வரைக்கும் வச்சிருக்க வழியே இல்லையான்னு கெஞ்சிப் பார்த்துட்டேன். நீ சொல்லு, என்ன பண்ணட்டும்?"

தலையில் அடித்துக்கொண்டு கத்துவாள் என்று அவன் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவள் கத்தவில்லை. கத்துவதற்கு உள்ளே ஏதாவது மிச்சம் வேண்டாமா?

"பண்ணிடு."

"புள்ளகிட்ட என்ன சொல்ல?"

"அம்மாவால கூட்டிக்கிட்டு வர முடியலைன்னு சொல்லு."

அவன் விசும்பினான். அவள் அவனை அழ விட்டாள். பிறகு, "ஒண்ணு செய். பிளேன் வர்றதுக்கு முன்னாடியே போய் நின்னுக்கோ. இறக்குற பெல்ட்டுக்குப் பக்கத்துலயே நில்லு. யாரோ எடுப்பாங்கன்னு தள்ளி நிக்காதே. அவர் என்னை ஒரு நாளும் காக்க வச்சதில்ல. அவரை அங்க ஒத்தையாக் கிடக்க விட்டுடாதே" என்றாள்.

"சரிக்கா. நீ இப்ப எங்க இருக்கே?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். பக்கத்தில் சிவப்புக் குழாய் மாட்டியிருந்தது. அவளாகத் தேடி வரவில்லை. கால்கள் கொண்டுவந்து நிறுத்தியிருந்தன.

"பெட்டி எடுக்கிற இடத்துல. ஒரு தூண் இருக்கு, அது பக்கத்துல."

"அங்கேயே இருக்கா. தூண் பக்கத்துலயே நில்லு, நகராதே. அலைஞ்சு திரியாதே. காலைல இங்க வந்து இறங்கினதும் பெட்டியெல்லாம் நான் எடுத்துக்கறேன்."

அவர் செத்த அன்றும் வராத அழுகை அப்போது வந்தது. ஹாலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். போனுக்குள் தம்பி அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

"வேண்டாம்டா," என்றாள் கடைசியில். "இனிமே நான்தான் எடுக்கணும்."

எதிரே இருந்த பெல்ட் ஓடத் தொடங்கியது. வேறு ஏதோ விமானத்தின் பெட்டிகள் வர ஆரம்பித்தன.